போன கை திரும்பணும்

அவர் யாரோடும் ஒழுங்காகக் கைகுலுக்கியதில்லை. நீட்டிய கையைப் பிடிப்பார், அதைப் புரட்டுவார், விரல் முட்டிகளின் மேல் தன் கட்டைவிரலை ஓடவிட்டு அகலம் பார்ப்பார். முகத்தைப் பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் இதே மரியாதைதான்.

டெல்லியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கைக்கும் அதுதான் நடந்தது.

"குட்டிக் கையாட்டு இருக்கே மக்கா. கப்பல்ல இருந்திருந்தா உன்னை உறங்கவே விட்டிருக்க மாட்டானுவ," என்றார்.

நாகர்கோவில் பேச்சு. இந்தியும் ஆங்கிலமும் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த அந்த அறையில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். சிவகாசிப் பக்கம் என்றேன்.

"தீப்பெட்டி ஒட்டின கையா?"

"அம்மா ஒட்டுனாங்க மேடம். நான் படிச்சேன். எங்க வீட்டுல பள்ளிக்கூடம் போன மொத ஆளு நான்தான்."

"அப்பம் அந்த வீட்டுல ரெண்டு நல்ல கை உண்டு," என்றார். அதோடு அறிமுகம் முடிந்தது.

எங்கள் அலுவலகத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடற்படைக்காக இரட்டை எஞ்சின் போர் விமானம் ஒன்றை உருவாக்குகிறார்கள். கப்பலின் மேல்தளத்திலிருந்து எழும்பி, கடலுக்கு மேலே போய்ச் சண்டை போட்டு, ஆடிக்கொண்டிருக்கும் அதே தளத்தில் வந்து இறங்க வேண்டிய விமானம். அதை வடிவமைக்கிறவர்கள் வேறு ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்புவதைக் கணினியில் பிரித்துப் போட்டுச் சரிபார்க்கும் இடம் எங்களுடையது. நான் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவன். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனில் கேட்பாள்: "ஏய்யா, ஒன் ஏரோப்பிளேன் பறந்துருச்சா?" இன்னும் வரைந்துகொண்டிருக்கிறோம் என்பேன். "இத்தன வருசமாவா வரையிறீக? நான் இதுக்குள்ள ஒரு லாரி நெறையா ஒட்டிருப்பேன்," என்பாள்.

விமானத்தைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று என்னிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அவரைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அளவு எதையும் சொல்ல மாட்டேன். அவர் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு காகிதம் நீட்டுவார்கள்.

அவர் கடற்படையில் பொறியாளராக இருந்தவர். இப்போது பறந்துகொண்டிருக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களைக் கரையிலும் கப்பலிலும் பழுது பார்த்தவர். ஒப்பந்த காலம் முடிந்து சீருடையைக் கழற்றிய பிறகு, புது விமானத்துக்கு ஆலோசகராக வந்தார். வருடாவருடம் புதுப்பிக்கிற வேலை. எங்கள் ஆய்வுக்குழுவில் வேகத்துக்குப் பேச ஒருவர், ராடாருக்கு ஒருவர், ஆயுதத்துக்கு ஒருவர் இருந்தார்கள். பழுது பார்க்கப்போகிறவர்களுக்காகப் பேச அவர் ஒருவர்தான்.

அவர் பேசியதும் ஒரே ஒரு கேள்விதான்.

"கை போவுமா?"

வடிவமைப்பாளர்கள் வண்ணப்படங்களோடு வருவார்கள். இறக்கை மடங்குவது இப்படி, இறங்கும்போது வால் கொக்கி தளத்துக் கம்பியைப் பிடித்து நிற்பது இப்படி, இவ்வளவு எடை குறைத்திருக்கிறோம் என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். கடைசியில் அவர் எழுந்து போய்த் திரையில் ஒரு மூலையைத் தொடுவார். "இதுக்குள்ள இருக்கிற சாமான் கெட்டுப்போனா எடுக்கணும். கை போவுமா?" இதை இந்தியில் கேட்பார், ஆனால் எனக்கு அவருடைய இந்தியும் தமிழாகத்தான் கேட்கும். கேள்வி முடிந்ததும் அறையில் யாராவது பெருமூச்சு விடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'ஹாத் மேடம்' என்று பெயர். கை மேடம். அது அவருக்கும் தெரியும். ஒருமுறை தொலைபேசியை எடுத்து, "ஆமாங்க, ஹாத் மேடம்தான் பேசுகேன்" என்று சொல்லி, மறுமுனையில் இருந்த ஆளை வாயடைக்க வைத்தார்.

இது விமானத்தோடு நிற்கிற பழக்கம் இல்லை. அலுவலகத்துக்குப் புதிதாகக் குடிநீர் இயந்திரம் வந்தபோது, குழாய்க்கு அடியில் இருந்த தட்டைத் தூக்கி உள்ளே கையை விட்டுத் துழாவினார். கை மணிக்கட்டோடு நின்றது. "இதைக் கழுவ முடியாது. ஆறு மாசத்துல பாசி பிடிக்கும்," என்றார். யாரும் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் எங்கள் மாடியில் பாதிப் பேருக்கு வயிற்றுப்போக்கு. அவர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த வாய் அகன்ற பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

டெல்லியின் துவாரகா பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கு முதல்முறை சாப்பிடப் போனபோது, தயங்கித் தயங்கி "அக்கா" என்று கூப்பிட்டேன்.

"ஆபீஸ்ல அக்கா கிடையாது. இங்க மேடம் கிடையாது. குழம்புல மீன் துண்டு கிடக்கு, எடுத்துப் போடு," என்றார்.

நான் கரண்டியைத் தேடினேன். அவர் வீட்டில் எல்லாப் பாத்திரத்துக்கும் வாய் பெரிது. யாரோ பரிசாகக் கொடுத்த அழகான குறுகிய வாய்க் கூஜா ஒன்று மட்டும் சன்னலில் இருந்தது. அதில் மணிபிளான்ட் வளர்த்தார். "கை போவாத பாத்திரத்தைக் கழுவ முடியாது. கழுவ முடியாததுல பாலா வைக்க முடியும்? செடி வைக்கலாம். செடிக்குக் கேக்க வாய் இல்லை," என்றார்.

அவருடைய வலது கையின் புறத்தில் ஒரு தழும்பு இருந்தது. முட்டிகளில் தொடங்கி மணிக்கட்டைத் தாண்டிப் போகும். நீளவாக்கில், உரித்தது போல. ராடார்க்காரர் கேட்டதற்குப் பூனை பிறாண்டியது என்றார். கணக்குப் பிரிவு அம்மாவிடம் தேங்காய் துருவும்போது என்றார். என்னிடம், "சின்ன வயசுல உன்னை மாதிரி ஒருத்தன் ரொம்பக் கேள்வி கேட்டான். அவனை அடிச்சதுல வந்தது," என்றார். அதன் பிறகு நான் கேட்கவில்லை.

ஆனால் கப்பலைப் பற்றிப் பேசுவார். வீரக்கதையாக அல்ல, வீட்டு வேலை போலப் பேசுவார். உப்புக் காற்றில் எது முதலில் துருப்பிடிக்கும், கீழ்த்தளத்தில் விமானங்களை எவ்வளவு நெருக்கி நிறுத்துவார்கள், இரும்புத் தரையில் எப்படி வேர்க்கும் என்று. அவர்கள் பிரிவில் மெலிந்த கை உள்ள மாலுமி ஒருவன் இருந்தானாம். இரண்டு எஞ்சின்களுக்கும் நடுவே உள்ள சந்தில் எது கெட்டாலும் அவனைத்தான் எழுப்புவார்களாம். சாப்பிட உட்கார்ந்தாலும் அழைப்பு வரும். அவனுக்குக் கல்யாணமாகி, மாமியார் வீட்டுச் சாப்பாட்டில் கை சதை போட்டதும் பிரிவே துக்கம் கொண்டாடியதாம். சிரித்துக்கொண்டே சொல்லிவந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"விமானத்துக்கு ஏத்த கையைத் தேடிக்கிட்டு இருந்தோம் மக்கா. கைக்கு ஏத்த விமானத்தை யாரும் செய்யல. இது நம்ம விமானம். இதையாவது நாம செய்யாண்டாமா?"

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். ஒரு மாலை, வெளியே போன விமானம் ஒற்றை எஞ்சினோடு திரும்பி வந்தது. மற்றது கடலின் மேல் நின்றுபோயிருந்தது. தளத்தில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொக்கி கம்பியைப் பிடித்தது. விமானி இறங்கி நேராக இவரிடம் நடந்து வந்து, மிஞ்சி ஓடிய எஞ்சின் பக்கம் கை காட்டிக் கும்பிட்டானாம். "ரெண்டு எஞ்சின் வைக்கியது வேகமாப் போவதுக்குன்னு இவனுவ நெனைச்சிருக்கானுவ. போவதுக்கு ஒண்ணு போதும்லா? மத்தது திரும்பி வாறதுக்கு," என்றார்.

சண்டை அந்தச் சந்தில்தான் வந்தது.

புது விமானத்தில், எடை குறைப்பதற்காக, எஞ்சின்களுக்கு நடுவே போகும் அடிக் கதவைச் சிறிதாக்கி அனுப்பியிருந்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் வடிகட்டியைக் கழற்ற வேண்டும். கழற்ற முடியாவிட்டால் முழு எஞ்சினையும் இறக்க வேண்டும். நடுக்கடலில் அது நாள்கணக்கில் ஆகும் வேலை. கணினியில் சரிபார்த்தோம். மென்பொருளோடு வரும் மாதிரிக் கை ஒன்று உண்டு. அது கதவுக்குள் போனது, வடிகட்டியைத் தொட்டது, திரும்பியது. திரை பச்சை காட்டியது. குழுத் தலைவர் மேசையைத் தட்டினார். "மேடம், உங்க கை போயிருச்சு. இப்ப சந்தோஷமா?"

அவர் பச்சைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷப்படவில்லை.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பகுதியின் வடிவத்தை உறுதி செய்யும் நாளில், உறுப்பினர்கள் எல்லோரும் கையை உயர்த்த வேண்டும். ஒரு கை குறைந்தால் அந்தப் பகுதி நிற்கும். அவர் ஏற்கெனவே சிலவற்றை அப்படி நிறுத்தியிருந்தார். இந்த முறை தலைவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். அறைக் கதவு திறந்தே இருந்தது. வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தார் போல. அடுத்த கூட்டத்தில் கை உயர்ந்தால் அவருடைய வேலை இன்னும் ஒரு வருடம். இல்லையென்றால் குழுவுக்கு வேறு ஆள் என்று அவர் சொன்னது வெளியே வரை கேட்டது.

வெளியே வந்தவரிடம், "என்ன மேடம் செய்யப்போறீங்க?" என்று கேட்டேன்.

"துவாரகாவுல எங்க அபார்ட்மென்ட் சொசைட்டியில ஒருத்தர் புதுசா பிரிட்ஜ் வாங்கியிருக்காரு. அந்த அட்டைப்பெட்டியைக் கேக்கணும்," என்றார்.

அந்த ஞாயிறு அவர் வீட்டு வரவேற்பறையில் வேலை நடந்தது. பிரிட்ஜ் அட்டைப்பெட்டி. உள்ளே படுக்கவைத்த காலித் தண்ணீர் கேன்கள் இரண்டு, அவை எஞ்சின்கள். இரண்டுக்கும் நடுவே மேலிருந்து தொங்கும் ஒரு மாதுளம்பழம், அது வடிகட்டி. அடியில் பிளேடால் அறுத்த கதவு. அளவை எங்கும் எழுதவில்லை. அவர் விரல்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டு ஆன்ட்டி எட்டிப் பார்த்து, "ஜூலையிலேயே கிறிஸ்துமஸ் குடிலா?" என்று இந்தியில் கேட்டார். "ஆமா ஆன்ட்டி, இந்த வருஷம் முன்னாடியே பிறக்கணும்," என்றார் இவர்.

மறுநாள் வாசல் காவலர் பெட்டியைத் திறந்து, "இது என்ன?" என்றார். "தண்ணி கேன், மாதுளம்பழம்," என்றார் இவர். காவலர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அப்படித்தான் இருந்ததால், விட்டுவிட்டார்.

கூட்டத்தில் பெட்டி மேசைமேல் ஏறியதும் சிரிப்பு எழுந்தது. தலைவரும் சிரித்தார். நல்ல உடம்பு, நல்ல கை. சவால் என்றால் விடமாட்டார். "நானே எடுக்கறேன்," என்று சட்டைக் கையைச் சுருட்டினார்.

கை போனது. "போயிருச்சு பாருங்க!" என்றார். பழத்தைப் பிடித்தார். திருகினார். நூல் அறுந்தது. "எடுத்துட்டேன்!"

"வெளிய கொண்டு வாங்க சார்."

வெளியே வரவில்லை. விரித்த கையாய் உள்ளே போனது, பழத்தை மூடிய முட்டியாய்த் திரும்ப முடியாமல் நின்றது. இழுத்தார். அட்டை கிழியும் போல இருந்தது. கேன்கள் ஒன்றோடொன்று மோதின. யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். தலைவர் முகம் சிவந்தது.

"பழத்தை விட்டுட்டா கை வந்துரும் சார்," என்றார் இவர் மெதுவாக. "ஆனா கப்பல்ல விட முடியாது. விட்டா எஞ்சினுக்கு நடுவுல போய் விழும். கப்பல் ஆடும். கை மாட்டும். அப்பமும் விட முடியாது."

அப்போதுதான் எல்லோரும் அவருடைய கையைப் பார்த்தோம். மேசைமேல் இருந்தது, தழும்பு மேலே தெரிய. பூனையும் இல்லை, தேங்காயும் இல்லை. அவர் கையை மறைக்கவுமில்லை, காட்டவுமில்லை.

தலைவர் பழத்தை விட்டார். உள்ளே பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. கையை எடுத்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே, "அட்டைப்பெட்டி ஆதாரம் ஆகாது மேடம். கணினி பச்சை காட்டுது," என்றார்.

"கணினியில இருக்கியது வெறுங்கை. வெறுங்கையா போய் வெறுங்கையா வாற மெக்கானிக்கை நான் பாத்ததே இல்லை. தம்பி, அந்தக் கைக்குள்ள வடிகட்டியைக் குடுத்து, வெளிய எடுத்துக் காட்டு."

"வேண்டாம். திரையை மூடு," என்றார் தலைவர்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலையும் வருடாவருடம் புதுப்பிக்கிற வேலைதான். சிவகாசியில் ஒரு வீடு அதில் சாப்பிட்டது. எனக்கு வீரம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்தப் பழம் விழுந்த சத்தம் காதிலேயே இருந்தது. திரையில் இருந்த கைக்குள் வடிகட்டியை வைத்தேன். விரல்களை மூடினேன். வெளியே இழுத்தேன். கதவின் விளிம்பு முழுதும் சிவப்பானது.

பிறகு தலைவர், எதுவும் நடக்காதது போல, "அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம். இப்ப ஒப்புதல். கையைத் தூக்குங்க," என்றார்.

கைகள் உயர்ந்தன. வேகம், ராடார், ஆயுதம். சீருடையில் வந்திருந்த கடற்படை அதிகாரியின் கை பாதி உயர்ந்து நின்றது. இவருடைய கை மேசையை விட்டு எழவில்லை.

"மேடம், நீங்க?"

"எனக்க கை இன்னும் உள்ளதான் சார் இருக்கு," என்றார்.

சீருடைக்காரரின் கை மெல்லக் கீழே இறங்கியது. அன்று கதவு நின்றது.

அவருடைய வேலையும் நின்றது. விடைபெறும் விருந்து எதுவும் இல்லை. வாய் அகன்ற பாட்டிலை எடுத்துக்கொண்டார். எனக்குக் கை கொடுத்தார். பழக்கப்படி புரட்டிப் பார்த்தார். "சதை போட்டுறாதே," என்றார். பெட்டியை என்ன செய்ய என்று கேட்டேன். "பழத்தைத் தின்னு. பெட்டியைத் தலைவரு ரூம்ல வை," என்றார். நான் அங்கேயே வைத்தேன். தலைவர் அதைத் தூக்கிப் போடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அதற்கடுத்த கூட்டத்தில் என்ன நடந்தது என்று எழுத எனக்கு அனுமதி இல்லை.

மாதங்கள் கழித்து, துவாரகாவில் புதன்கிழமைச் சந்தையில் அவரைப் பார்த்தேன். இப்போது ஒரு தனியார் நிறுவனத்தில் லிப்டுகளுக்குப் பராமரிப்பு அதிகாரியாம். "அங்கயும் என்னைப் பிடிக்காது," என்றார் உற்சாகமாக. ஊறுகாய் போடப் பீங்கான் சாடி வாங்க வந்திருந்தார். கடைக்காரரோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. சாடிகளுக்குள் கையை விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக் கூடாதென்று அவருக்குத் தெரியும். என் அம்மாவைக் கேட்டார், சாப்பாட்டைக் கேட்டார், கேட்காத ஒன்றைச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றையும் கேட்டார். நானும் சொல்ல முடியாது. வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் கையெழுத்துப் போட்டிருந்தேன். கையைப் பற்றி அந்தக் காகிதத்தில் எதுவும் இல்லை.

அவர் பையில் மேலாக ஒரு மாதுளம்பழம் கிடந்தது. எடுத்தேன். அவர் வேண்டாமென்று தள்ளி வைத்திருந்த குறுகிய வாய்ச் சாடியை நகர்த்திவிட்டு, அதற்குப் பின்னால் இருந்த அகன்ற வாய்ச் சாடியை இழுத்தேன். பழத்தை உள்ளே போட்டேன். கையை விட்டேன். பழத்தை இறுக்கிப் பிடித்து முட்டியை மூடினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். மூடிய முட்டியை அப்படியே வெளியே எடுத்தேன். எங்கும் உரசவில்லை. பழத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் பழத்தைப் பார்த்தார். சாடியின் வாயைப் பார்த்தார். தழும்புக் கையை உள்ளே விட்டு விளிம்பைச் சுற்றி ஒரு முறை தடவினார்.

"மேடம்ஜி, அது ஓல்டு டிசைன்," என்றார் கடைக்காரர் இந்தியில். "வாய் ரொம்பப் பெருசு. யாரும் வாங்க மாட்டாங்க. இந்தச் சின்ன வாயைப் பாருங்க, எவ்வளவு அழகு."

"அழகை நீயே வச்சுக்க பையா," என்றார் அவர், கடைக்காரருக்குப் புரியாத நாகர்கோவில் தமிழில். பெரிய சாடியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். "போன கை திரும்பி வருதுல்லா. இதுதான் வேணும்."